காதுக்குப் பின்னால் ஒரு விளக்கு

லோகநாதனை எரித்த மறுநாள் சாயங்காலம் கௌசல்யாவின் நாக்கில் பிராந்தி ருசி வந்தது.

அவள் பிராந்தி குடித்தவள் இல்லை. ஆனாலும் அந்த ருசியை அவளுக்கு இரண்டு வருடமாகத் தெரியும். முதலில் நாக்கின் ஓரங்களில் கசப்பு. பிறகு தொண்டையில் ஒரு காலியிடம். சூடாக ஏதோ இறங்கப்போகிறது என்று காத்திருக்கும் காலியிடம். கசப்பைப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தக் காத்திருப்பைத்தான் பொறுக்க முடியாது.

அடுப்படியில் நின்றபடியே திரும்பிப் பார்த்தாள். கூடத்தில் லோகநாதனின் படம். படத்தின் முன் அகல்விளக்கு. அதன் பக்கத்தில், மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில், அவன் காதுக்குப் பின்னாலிருந்து எடுத்த பெட்டி. புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். உள்ளே பேட்டரி இருக்கிறது, தீயில் வெடிக்கும் என்று சொல்லி ஆஸ்பத்திரியிலேயே எடுத்துக் கொடுத்துவிட்டார்கள்.

அனுப்பும் பெட்டி அணைந்து கிடந்தது. அனுப்பும் ஆள் இல்லை. ஆனாலும் வந்துகொண்டிருந்தது.

கௌசல்யா முந்தானையால் வாயைத் துடைத்தாள். துடைத்தால் போகிற ருசி இல்லை அது.

*

அதற்குப் பங்கு என்று பெயர். பெட்டி வைக்கும் மையத்தின் பலகையில் வேறு பெயர் எழுதியிருந்தது. ராணிப்பேட்டையில் யாரும் அதைச் சொல்வதில்லை. "அவ புருஷனுக்குப் பங்கு எடுத்திருக்கா" என்றால் எல்லோருக்கும் புரியும்.

லோகநாதன் கண்ணாடி அறுப்பவன். ஜன்னலுக்கும் கடை முகப்புக்கும் அளவெடுத்து அறுப்பான். காலையில் ஒரு வாய் போகாவிட்டால் கை நடுங்கும். நடுங்கும் கையில் கண்ணாடி நிற்காது. ஊரைச் சுற்றியிருந்த மறுவாழ்வு இல்லங்கள் எல்லாவற்றுக்கும் போய்விட்டு வந்திருந்தான். வெளியே வந்து பிராந்திக் கடைக்குப் போகாமல் இருப்பான். பிறகு ஒருநாள் கடை இருக்கும் சந்தின் முனையைப் பார்ப்பான். அவ்வளவுதான்.

கடைசியாகத்தான் மையத்துக்குப் போனார்கள். ரெஹானா என்ற பெண் அங்கே வேலை பார்த்தாள். நிதானமாகப் பேசுவாள்.

"ஆசைய அழிக்க முடியாதுக்கா," என்றாள் கௌசல்யாவிடம். "குடி மொதல்ல சந்தோஷத்தைக் குடுக்கும். போகப் போக அதுவும் குடுக்காது. வேணும் வேணும்ங்கறது மட்டும் மிஞ்சும். மூளையில அந்த 'வேணும்' ஓடற தடத்துலதான் சோறு வேணும், புள்ளையப் பாக்கணும், வேலைக்குப் போகணும் எல்லாமே ஓடுது. தடத்த வெட்டினா மனுஷன் எதுவுமே வேணாம்னு உக்காந்துடுவார். அதனால வெட்டறதில்ல. வடிக்கறோம்."

"எங்க வடிப்பீங்க?"

ரெஹானா மேஜைமேல் இருந்த இரண்டு பிளாஸ்டிக் தம்ளர்களை அருகருகே நகர்த்தினாள். இரண்டின் அடியிலும் ஓட்டை போட்டு ஒரு குழாயால் இணைத்திருந்தது. ஒன்றில் தண்ணீர் ஊற்றினாள். மற்றதில் தண்ணீர் ஏறியது.

"எந்தப் பக்கம் அதிகமோ, அங்கேர்ந்து கம்மியா இருக்கற பக்கத்துக்குப் போகும். பெட்டிக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்."

"எனக்கு வந்தா?"

"உங்க மூளை குடியப் பாத்ததே இல்ல. வரும், கொஞ்ச நேரம் படுத்தும், ஒட்டாம போயிடும். ஒட்டாதுன்னுதான் சொல்றாங்க."

"சொல்றாங்களா?"

ரெஹானா கொஞ்சம் யோசித்தாள். "இதுவரைக்கும் ஒட்டினதில்லக்கா."

லோகநாதனின் அக்கா அமுதவல்லியும் அவள் புருஷன் சேகரும் கூட வந்திருந்தார்கள். சேகர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டான்.

"என் மச்சானுக்கு நான் எடுத்துக்கறேம்மா பங்கு."

"நீங்க குடிப்பீங்களாண்ணா?"

"எப்பனா ஒண்ணு."

"நேத்து?"

"நேத்து எப்பனாதான்."

"இந்தாளுக்குக் குடுத்தீங்கன்னா," என்றாள் அமுதவல்லி, "என் தம்பி பங்கையும் சேத்துக் குடிச்சிட்டு வருவாரு. நல்லா ஆள் புடிச்சீங்க." பிறகு கௌசல்யாவைப் பார்த்தாள். அறையில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். லோகநாதன் மட்டும் பார்க்கவில்லை. அவன் தன் கைகளைத் தொடைகளுக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தான்.

பங்கை ஏற்பவர் வாழ்நாளில் ஒருமுறைகூடக் குடித்திருக்கக் கூடாது. விதி அது ஒன்றுதான். பெட்டி வைத்த அன்று மையத்தின் கூடத்தில் இரண்டு வரிசை நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அனுப்புபவர்கள் வரிசையில் ஆண்கள். எதிர்வரிசையில் மனைவிகள், தங்கைகள், ஒரு மகள், மடியில் கைக்குழந்தையோடு ஒருத்தி. அந்த வரிசையில் ஓர் ஆண்கூட இல்லை.

பெட்டியில் குண்டூசித் தலையளவு விளக்கு ஒன்று. தோலுக்கு அடியிலிருந்து தெரியும்.

"போறது மஞ்சள். வர்றது பச்சை," என்றாள் ரெஹானா. "அவருக்கு மஞ்சள் எரியும், உங்களுக்குப் பச்சை எரியும். உங்களுது உங்களுக்குத் தெரியாது, காதுக்குப் பின்னால இருக்கு. தெனமும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கங்க."

*

முதல் வருடம் கடுமையாக இருந்தது.

கௌசல்யா ஷூ கம்பெனியில் மேல்தோல் தைப்பவள். பொழுது சாயும் நேரம் தையல் மெஷினில் இருக்கும்போதே வந்துவிடும். உள்ளங்கை வேர்க்கும். ஊசி எங்கே குத்துகிறது என்று தெரியாது. வலது கை சும்மா இருந்தால் விரல்கள் தாமாக வளைந்து ஒரு கிளாஸைப் பிடித்த மாதிரி நிற்கும். பக்கத்து மெஷின் தேவகி பார்த்துவிடுவாள்.

"இன்னா கௌசி, ஏறிடுச்சா?"

"வாய மூடு."

"நீ சும்மா சொல்லு, எந்த பிராண்டு?"

கௌசல்யாவுக்கு அது தெரியும் என்பதுதான் பயங்கரம். எந்த பிராண்டு, கடைக்குள் எந்தத் தட்டில் இருக்கும், மூடியைத் திருகும்போது என்ன சத்தம் வரும். ஒருநாள் வேலை விட்டு வரும்போது கால் அந்தக் கடைச் சந்துக்குள் திரும்பியது. அவள் அந்தச் சந்துக்குள் போனதே இல்லை. விளக்கு இல்லாத ஓர் இடத்தில் காலைச் சற்றுத் தூக்கி வைத்தாள். கீழே பார்த்தபோது படி உடைந்திருந்தது. அங்கிருந்து ஓடி வந்தாள்.

"ஆசை தனியா வராதுக்கா," என்றாள் ரெஹானா போனில். "இடத்தையும் கூட்டிக்கிட்டுத்தான் வரும்."

லோகநாதனோ தெளிந்துகொண்டு வந்தான். சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். கை நின்றது. வளைவான கண்ணாடியைக்கூட ஒரே கோட்டில் அறுத்தான். தெருவில் அவனைப் புகழ்ந்தார்கள். மனசு வெச்சா முடியும்ப்பா, லோகுவப் பாரு என்றார்கள். கௌசல்யா அதைக் கேட்டபடி பல்லைக் கடித்துக்கொண்டு தண்ணீர் பிடிப்பாள்.

ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அவன் அவள் பின்னால் வந்து உட்காருவான். காதோரத்து முடியை ஒதுக்கிப் பார்ப்பான்.

"என்ன கலர்?"

"பச்சை."

"நல்லா எரியுதா?"

"நல்லா எரியுது." முடியைத் திரும்பச் சரிசெய்வான். "ரொம்பப் படுத்துதா?"

"நீ இத்தன வருஷம் படுத்தினதவிடக் கம்மிதான்."

அவன் சிரிப்பான். கல்யாணமான புதிதில்கூட அவன் விரல் அவ்வளவு மெதுவாக அவள் மேல் பட்டதில்லை.

போன தீபாவளிக்குப் பிறகு ஆசை தணியத் தொடங்கியது. சாயங்காலம் வரும், வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். பொங்கலுக்குள் சுத்தமாக விட்டுவிட்டது. கௌசல்யாவுக்கு உடம்பு லேசானது. ராத்திரி அவனிடம் சொன்னாள்: "பாத்தியா, உன் குடி மொத்தத்தையும் நானே குடிச்சு முடிச்சிட்டேன்."

"ஆமா," என்றான் லோகநாதன்.

"இப்ப என்ன கலர்?"

"பச்சைதான். மங்கலா எரியுது."

கார்த்திகையிலேயே அவன் தலையில் துண்டு கட்ட ஆரம்பித்திருந்தான். காதுகளை மூடி, கழுத்துக்குப் பின்னால் முடிச்சுப் போட்டுக்கொள்வான். குளிருகிறது என்றான். சாயங்காலமானால் சுவரில் சாய்ந்து கண்ணை மூடி உட்கார்ந்திருப்பான். நெற்றியில் வேர்க்கும். குளிருது என்கிறவனுக்கு ஏன் வேர்க்கிறது என்று அவள் கேட்டாள். கல்லீரல் போய்விட்டால் அப்படித்தானாம் என்றான். அதுவும் உண்மைதான். வயிறு ஊத ஆரம்பித்திருந்தது. கண் மஞ்சளாகியிருந்தது.

"விட்டுட்டாரே டாக்டர், அப்புறம் ஏன்?" என்று அவள் ஆஸ்பத்திரியில் கேட்டாள்.

"மூளை விட்டுடுச்சும்மா. லிவருக்கு அது தெரியாது. முன்ன பட்டதெல்லாம் அங்க அப்படியே இருக்கு."

மாசி, பங்குனி அப்படியே போயின. சித்திரையில் ரத்த வாந்தி எடுத்தான். ஸ்கேன் எடுக்க வேண்டும், காதுக்குப் பின்னால் இருக்கும் பெட்டியைக் கழற்றலாம் என்று நர்ஸ் வந்தபோது துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"கழட்டாத," என்றான். "கடைசிவரைக்கும் இருக்கட்டும்."

கழற்றினால் திரும்பக் குடிப்போம் என்று பயப்படுகிறான் என்று கௌசல்யா நினைத்தாள். சாகிற நேரத்தில்கூட அந்த பயம் போகவில்லையே என்று அழுதாள்.

*

அவன் போன பிறகு வந்தது முன்பு வந்ததைப்போல் இல்லை. முன்பு சாயங்காலம் மட்டும்தான் வரும். இப்போது விடியற்காலையிலேயே கை நடுங்கியது. ஒரு சொட்டுகூட உள்ளே போகாத உடம்பு, உள்ளே போனதை இழந்த மாதிரி நடுங்கியது. தம்ளரைப் பிடித்தால் தண்ணீர் தளும்பியது.

அமுதவல்லி துக்கத்துக்கு வந்து அங்கேயே தங்கியிருந்தாள். அவளிடம் சொன்னாள்.

"அவன்தான்டி," என்றாள் அமுதவல்லி. அவளுக்கு ஆச்சரியமே இல்லை. "குடிக்காமயே போய்ச் சேந்துட்டான்ல. ஆசை அடங்கல. உன்கிட்டதான வழி இருக்கு, வர்றான்."

"அந்தப் பெட்டி அணைஞ்சு கெடக்குது அண்ணி."

"பெட்டி அணைஞ்சா அவனுக்கென்ன. அவன் இப்ப பெட்டிக்குள்ளயா இருக்கான்?"

கௌசல்யா ரெஹானாவுக்குப் போன் செய்தாள்.

"வர வழியே இல்லக்கா," என்றாள் ரெஹானா. "ஒரு தடவ வாங்க, பாத்துடலாம்."

"பதினாறு முடியாம வாசல் தாண்டக் கூடாதுங்கறாங்க."

"சரி, காரியத்தன்னிக்கு நானே வரேன்."

அதற்குள் கௌசல்யா அதற்குப் பழகிவிட்டாள். பழகியதோடு நிற்கவில்லை. பொழுது சாயும்போது படத்துக்கு எதிரே போய் உட்கார்ந்துகொள்வாள். நாக்கின் ஓரம் கசக்கும். தொண்டை காலியாகும். "வந்துட்டியா," என்பாள் மெதுவாக. தாங்க முடியாமல் போகும்போது, "போதும், போ," என்பாள். கொஞ்சம் தணிந்தால் உடனே பயம் வரும். "இரு. கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போ."

உயிரோடிருந்தபோது இவ்வளவு நேரம் அவனோடு பேசியதில்லை.

ஒரு சாயங்காலம் கேட் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டு மகள் யாழினி வெளியே வந்தாள். கல்லூரியில் இரண்டாம் வருடம். அப்பாவின் ஜாடை.

"எங்கம்மா போற?"

கௌசல்யா தன் காலைப் பார்த்தாள். செருப்பு போட்டிருந்தது. கையில் எவர்சில்வர் தம்ளர் இருந்தது.

"தெரியல."

யாழினி தம்ளரை வாங்கிக்கொண்டாள். கேட்டைப் பூட்டி, சாவியைத் தன் சுடிதார் பையில் போட்டுக்கொண்டாள். அப்பா இருந்தபோது அம்மா அப்படித்தான் செய்வாள். இருவருக்கும் அது ஞாபகம் வந்தது. உள்ளே வந்தார்கள்.

*

பதினாறாம் நாள் உள்ளறையில் படையல் போட்டார்கள். தலைவாழை இலையில் இட்லி, கருவாட்டுக் குழம்பு, அவித்த முட்டை, பக்கோடா, பீடிக்கட்டு. கடைசியில் சேகர் இடுப்பிலிருந்து ஒரு குவார்ட்டர் பாட்டிலை எடுத்து இலையோரம் வைத்தான். அதே பிராண்டு.

"வேணாம்ணா," என்றாள் கௌசல்யா. "அவர் விட்டுட்டாரு."

"செத்தவனுக்கு இனிமே லிவரா கெடப்போவுது?"

"சும்மா இருடி," என்றாள் அமுதவல்லி. "ஆசப்பட்டத வெச்சுட்டா அவன் போயிடுவான். உனக்கும் விட்டுடும். யோவ், மூடியத் தெறந்து வை. அவன் எப்படித் தெறப்பான்?"

சேகர் மூடியைத் திருகினான். கௌசல்யாவுக்கு இரண்டு வருடமாகத் தெரிந்த சத்தம். அதை அவள் காதால் கேட்டது அன்றுதான்.

கற்பூரம் காட்டிவிட்டு எல்லோரும் வெளியே வந்தார்கள். அறைக் கதவைச் சாத்தினார்கள். இறந்தவர் வந்து சாப்பிடும் நேரம் அது. யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. கூடத்தில் சொந்தக்காரர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ரெஹானா வந்திருந்தாள். முக்காட்டைச் சரிசெய்தபடி வாசல் பக்கம் நின்றாள்.

கௌசல்யா சாத்திய கதவுக்கு முன்னால் நின்றாள். கதவிடுக்கில் வாசனை வந்தது. அவள் உடம்பு முழுவதும் அந்த இடுக்கைப் பார்த்துத் திரும்பியது.

இப்போது அவன் உள்ளே இருக்கிறான். இப்போது பாட்டிலை எடுப்பான். எடுத்தால் எனக்குத் தெரியும். முதல் வாய் இறங்கியதும் என் தொண்டை நிறையும். இத்தனை நாளும் நிறையாத அந்த இடம் நிறையும். குடி, குடிச்சிட்டுப் போ. கண்ணை மூடிக் காத்திருந்தாள்.

நிறையவில்லை.

காத்திருக்கக் காத்திருக்க அது பெரிதானது. கதவைத் தள்ளிவிடாமலிருக்க நிலையைப் பிடித்துக்கொண்டாள். அப்போது அவளுக்கு ஒன்று தோன்றியது. கதவுக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை.

அமுதவல்லி கதவைத் திறந்தாள். இலையில் எல்லாம் அப்படியே இருந்தது. பாட்டிலில் அளவு குறையவில்லை.

"எடுத்துக்கிட்டான்," என்றாள் அமுதவல்லி கண்ணைத் துடைத்தபடி.

அடுத்தது பூ. வைத்து எடுக்கிற சாங்கியம். கௌசல்யாவைப் பலகையில் உட்கார வைத்து அமுதவல்லி பின்னால் நின்றாள். மல்லிகைச் சரத்தை வைக்கக் காதோரத்து முடியை ஒதுக்கினாள்.

"இன்னாடி இது, இப்படி எரியுது."

"எரியட்டும், விடுங்க அண்ணி."

"பொங்கலுக்குப் பூ வெச்சப்ப மினுக்கு மினுக்குனு இருந்துச்சு. இப்ப மஞ்சப் பல்பு கணக்கா எரியுது."

"மஞ்சளா?"

"மஞ்சதான். பொங்கலுக்கும் மஞ்சதான்."

வாசல் பக்கமிருந்து ரெஹானா வந்தாள். குனிந்து பார்த்தாள். பார்த்துவிட்டு நிமிராமலேயே இருந்தாள்.

"வேற ஒண்ணுமில்லக்கா," என்றாள் மற்றவர்களுக்குக் கேட்கும்படி. "சாங்கியத்த முடிச்சிட்டு அடுப்படிக்கு வாங்க."

*

அடுப்படியில் ரெஹானா கதவைச் சாத்தவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இது வர்றது இல்லக்கா. போறது. போக எடமில்லாம எரியுது."

"யாருது போவுது?"

ரெஹானா அவள் காதோரத்து முடியைத் திரும்பச் சரிசெய்தாள். கௌசல்யா அவள் முகத்தையே பார்த்தாள்.

"நான் ஒரு சொட்டு தொட்டதில்ல ரெஹானா."

"தெரியும். மூளைக்குச் சொட்டு தேவைப்படல போலிருக்கு. தெனமும் அதே நேரம், அதே ருசி, அதே சந்து. வந்து வந்து கத்துக்கிச்சு. உடம்பும் கத்துக்கிச்சு, இப்ப வரும், தயாரா இருன்னு. அதான் நடுக்கம். அவருக்கு வடிஞ்சு வடிஞ்சு தடம் ஆறிடுச்சு. உங்ககிட்ட தங்கிடுச்சு. ரெண்டு தம்ளர் காட்டினேனே, ஞாபகம் இருக்கா? எந்தப் பக்கம் அதிகமோ..."

முடிக்கவில்லை.

தீபாவளிக்குப் பிறகு தணிந்தது. வாசல்வரை வந்து திரும்பிப் போனது. எங்கே போனது என்று கௌசல்யா ஒருநாளும் கேட்கவில்லை.

"அவருக்குத் தெரியுமா?"

"கார்த்திகை மாசம் வந்தார். திரும்ப வருதே, என்னோடது தீரலயான்னு கேட்டார். பாத்தேன், பச்சை எரிஞ்சிச்சு. உங்களோடதுதான் அவருக்கு வருதுன்னு சொன்னேன். உங்க உடம்பு இருக்கற நெலமைக்கு இது வேணாம், கழட்டிடுங்கன்னேன். கழட்டினா அது எங்க போகும்னு கேட்டார். அவங்ககிட்டயே நிக்கும்னேன்." ரெஹானா மூச்சு விட்டாள். "அப்ப இருக்கட்டும்மா, எனக்குப் பழக்கம்தானேன்னார். உங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னேன். சரின்னு தலையாட்டினார். கூட்டிட்டு வரல. நானும் விட்டுட்டேன்."

கூடத்தில் பந்தி போட்டுக்கொண்டிருந்தார்கள். இலை விரிக்கும் சத்தம் கேட்டது.

குளிருது என்று கட்டிய துண்டு. நெற்றி வேர்வை. உன் குடி மொத்தத்தையும் நானே குடிச்சு முடிச்சிட்டேன் என்று அவள் சொன்னபோது, ஆமா என்றான். ஆஸ்பத்திரியில் இரண்டு கையாலும் துண்டைப் பிடித்துக்கொண்டான். கழட்டாத.

பதினாறு நாளும் அவள் பேசியது அவனோடு இல்லை. அங்கே யாரும் இல்லை. அவன் செத்த அன்றே போய்விட்டான். வந்துகொண்டிருந்தது அவளேதான்.

கௌசல்யா அழவில்லை. "இப்ப என்ன பண்றது?" என்று கேட்டாள்.

"மாத்திரை இருக்கு. வாரா வாரம் வந்து உக்காந்து பேசலாம். எல்லாரும் படற கஷ்டம்தான், நீங்களும் பட்டு வெளிய வரலாம். சில பேர் வர்றாங்க." ரெஹானா தயங்கினாள். "இல்லன்னா குடிக்காத யாராவது ஒருத்தர்..."

"அப்பா பெட்டி சும்மாதான கெடக்கு."

யாழினி நிலைப்படியில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. அவள் கையில் பிளாஸ்டிக் டப்பா இருந்தது.

"நான் குடிச்சதில்ல," என்றாள்.

ரெஹானா அவளைப் பார்த்தாள். மையத்தில் அன்று எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்த அதே பார்வை. "இப்ப முடிவு பண்ண வேணாம்," என்றாள். "நாளைக்கு ரெண்டு பேரும் மையத்துக்கு வாங்க. விளக்கு எப்படி எரியுதுன்னு பாத்துட்டுப் பேசலாம். தானாத் தணிஞ்சா எதுவுமே தேவையில்ல."

*

சாப்பாடு முடிந்தது. படையல் சரக்கை வீணாக்கக் கூடாது என்று சேகர் பாட்டிலை எடுத்துக்கொண்டு மாடிப்படிப் பக்கம் போனான். அண்ணாந்து குடித்தான். கௌசல்யா பாத்திரத்தை வைத்துக்கொண்டு நின்றாள். அவன் தொண்டைக்குழி ஏறி இறங்கியது. காலிப் பாட்டிலைச் சுவரோரம் வைக்கும்வரை பார்த்தாள். பிறகு பாத்திரத்தைத் தேய்க்கப் போட்டாள்.

சொந்தக்காரர்கள் கிளம்பினார்கள். அமுதவல்லி கடைசியாகக் கிளம்பினாள். கௌசல்யாவின் தாடையைத் தொட்டு, "விட்டுச்சாடி?" என்று கேட்டாள்.

"விட்டுடுச்சு அண்ணி."

"நான் சொன்னேன்ல."

வீடு காலியானது. யாழினி கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். டப்பாவை இன்னும் கீழே வைக்கவில்லை. கத்திரி வெயில் காலம். சுவரெல்லாம் கொதித்தது. தலைக்குமேல் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியது.

பொழுது சாய்ந்தது. கௌசல்யாவின் நாக்கின் ஓரங்கள் கசந்தன. தொண்டை காலியானது. வலது கை விரல்கள் வளையத் தொடங்கின. அந்தக் கையை மடித்துத் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டாள்.

"உண்மையச் சொல்லும்மா. இருக்கா?"

"இல்ல. உங்கப்பா படையல வாங்கிக்கிட்டாரு. அத்தை சொன்ன மாதிரியேதான்."

"அது அப்பா இல்லன்னுதான அந்தக்கா சொன்னாங்க."

"அவ சின்னப் பொண்ணு. அவளுக்கு என்ன தெரியும்."

யாழினி நம்பியதாகத் தெரியவில்லை. டப்பாவைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தாள். "திரும்பு. நான் பாக்கறேன்," என்று அம்மாவின் பின்னால் வந்தாள்.

கௌசல்யா எழுந்துகொண்டாள். ஆணியில் லோகநாதனின் துண்டு தொங்கியது. துவைத்தபிறகும் அவன் வாசனை போகாத துண்டு. எடுத்துத் தலையைச் சுற்றிக் கட்டினாள். இரண்டு காதையும் மூடி, கழுத்துக்குப் பின்னால் இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"என்னம்மா பண்ற?"

"குளிருது."

யாழினி அவளைப் பார்த்தாள். நெற்றியில் வேர்வை அரும்பி இறங்கியதைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

பிறகு போய் மின்விசிறியை நிறுத்தினாள்.